மவுஸை ஆட்டிக்கொண்டே இருங்கள்! விண்டோஸ் 98 வைத்தியங்கள், தெரியுமா?

ஒரு கம்ப்யூட்டரை அணைக்காமல் ஓடவிடுங்கள். 49 நாள், 17 மணி நேரம், 2 நிமிடம், 47 விநாடி. அவ்வளவுதான், அப்படியே உறைந்து நிற்கும்! வைரஸ் கிடையாது, சூடு கிடையாது, மின்தடை கிடையாது. விண்டோஸ் 95, விண்டோஸ் 98 இரண்டின் தலையிலும் இப்படி எழுதியிருந்தது தெரியுமா?

எழுதியது விதி இல்லை, கணக்கு. கம்ப்யூட்டர் கண் விழித்த நொடியிலிருந்து எத்தனை மில்லிவிநாடி ஓடியிருக்கிறது என்று விண்டோஸ் எண்ணிக்கொண்டே வரும். அந்த எண்ணைக் குறித்துவைக்கக் கொடுத்த இடம் 32 பிட். அதில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 வரைக்கும்தான் தாங்கும். நிரம்பியதும் மறுபடி பூஜ்யம்! நேரத்தை நம்பி வேலை பார்த்துக்கொண்டிருந்த உள்பகுதி குழம்பிப்போகும், மெஷின் நின்றுவிடும். விண்டோஸ் 95 கடைக்கு வந்தது 1995 ஆகஸ்ட் 24. இந்தக் கோளாறு வெளியே தெரிந்தது 1999இல். நடுவில் ஏன் யார் கண்ணிலும் படவில்லை? விண்டோஸ் 95ஐ 49 நாள் விழாமல் ஓட்டியவர் உலகத்திலேயே யாரும் இல்லை என்பது அந்தக் காலத்துக் கிண்டல். கிண்டல் என்று முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது!

அந்த நாளில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒவ்வொருவரும் பாதி மெக்கானிக். கேள்விகள் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விகள்தான்: ஏன் நின்றது, ஏன் அணைய மாட்டேன் என்கிறது, ஏன் நீலமாக மாறியது? வைத்தியங்களைக் கேட்டால் மந்திரவாதம் போல இருக்கும். கொஞ்சம் தோண்டிப் பாருங்கள், அடியில் எங்கோ ஒரு பொறியாளர் போட்ட கணக்கு உட்கார்ந்திருக்கும்.

மவுஸை ஆட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று சத்தியம் செய்தவர்கள் உங்களுக்கும் தெரிந்திருப்பார்கள். சிரித்தோமே, அது மூடநம்பிக்கை இல்லை! எக்செல் 97இல் வெளியிலிருந்து தகவலை இழுத்து வரும்போது வேலை பாதியில் தேங்கும் கோளாறு ஒன்று இருந்தது. அதற்கு மைக்ரோசாஃப்ட் தன் உதவிக் குறிப்பில் எழுத்துப்பூர்வமாகவே தந்த மாற்றுவழி என்ன தெரியுமா? தகவல் முழுக்க வந்து சேரும்வரை மவுஸை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள் என்பதுதான்! மவுஸ் அசைந்தால் விண்டோஸ் அந்த நிரலுக்கு ஒரு செய்தி அனுப்பும். தூங்கிக்கொண்டிருந்த நிரல் செய்தியைப் படிக்க விழிக்கும். விழித்த கையோடு மிச்ச வேலையில் கொஞ்சம் பார்க்கும். நிறுத்தினால் திரும்பவும் தூக்கம்.

பாஸ்வேர்டு மறந்துவிட்டதா? விண்டோஸ் 98 பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு பெட்டி காட்டுமே, அதில் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். கதவு திறந்துவிடும்! உண்மையாகவே அவ்வளவுதான். அந்தப் பெட்டி வீட்டுப் பூட்டே அல்ல. நெட்வொர்க்குக்குள் நுழையவும், யாருக்கு எந்த அலங்காரம் என்று பார்க்கவும் மட்டுமே அது கேட்டது. ஊரெல்லாம் அதைப் பூட்டு என்று நம்பி நிம்மதியாகத் தூங்கியது. இதைவிடக் கூத்து, நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டருக்குப் போட்ட பாஸ்வேர்டு. மறுமுனையிலிருந்து எத்தனை எழுத்து வருகிறதோ அத்தனையை மட்டும் விண்டோஸ் ஒப்பிட்டுப் பார்த்தது. கொஞ்சம் விஷயம் தெரிந்தவன் முதல் எழுத்தை மட்டும் அனுப்பினால் போதும், ஃபோல்டர் அவன் கையில்! 2000ஆம் ஆண்டு அக்டோபரில்தான் இந்த ஓட்டையை அடைத்தார்கள்.

சரி, மெமரிக்கு வருவோம். இங்கேதான் வேடிக்கையே இருக்கிறது.

'போதிய மெமரி இல்லை' என்று விண்டோஸ் 98 அழும். என்ன செய்வோம்? ராம் வாங்கி மாட்டுவோம். மாட்டிய பிறகு மெஷின் கிளம்பவே கிளம்பாது! திரையில் அதே வாசகம்: மெமரி போதவில்லை. ராம் 512 எம்பியைத் தாண்டினால் விண்டோஸ் 95, 98, மீ மூன்றும் இப்படிப் படுத்துவிடும். டிஸ்கிலிருந்து படித்ததைக் கைப்பக்கத்தில் வைத்துக்கொள்ள விண்டோஸ் ஒரு சேமிப்பிடம் ஒதுக்கும். ராம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக அதற்கு முகவரிகளைப் பிடித்துப் போடும். கடைசியில் மற்ற எதற்கும் கொடுக்க முகவரியே மிச்சம் இருக்காது. ஆக, மெமரி அதிகமானதால் மெமரி போதவில்லை! தீர்வு, சிஸ்டம் டாட் ஐஎன்ஐ என்ற சாதாரண எழுத்துக் கோப்பைத் திறந்து, அந்தச் சேமிப்பிடம் 5,24,288 கேபிக்கு மேல் போகாதே என்று ஒரே ஒரு வரி எழுதுவது. ராமைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு ஓடியவர்கள் எத்தனை பேரோ!

512ஐ எட்டாதவர்களுக்கு வேறொரு கூத்து. நாலைந்து சன்னல் திறந்திருப்போம், 'ரிசோர்ஸ் குறைவாக இருக்கிறது, சிலவற்றை மூடுங்கள்' என்று எச்சரிக்கை வரும். ராமோ முக்கால்வாசி காலி! இது ராம் சமாச்சாரமே இல்லை. திரையில் தெரியும் சன்னல், பொத்தான், எழுத்துரு, தூரிகை போன்றவற்றின் கணக்கில் ஒரு பகுதியை எழுதிவைக்க விண்டோஸ் 3.1 காலத்து ஏடுகள் சிலவற்றையே 98உம் வைத்திருந்தது. அந்த ஏடு ஒவ்வொன்றும் வெறும் 64 கேபி. 64 எம்பி ராம் போட்டாலும் அந்த 64 கேபி வளராது. பழைய 16 பிட் நிரல்கள் ஓட வேண்டுமே என்று பாதுகாத்த ஏடு அது. நல்லெண்ணத்தில் வந்த வினை என்றுதான் சொல்வேன்.

மெமரி அதிகமானால் மட்டுமா? வேகம் அதிகமானாலும் சாவு! ஏஎம்டி கே6-2 என்ற சில்லு 350 மெகாஹெர்ட்ஸைத் தொட்டதும் விண்டோஸ் 95 தொடங்கும்போதே 'புரொடெக்ஷன் எரர்' என்று சரிந்து விழ ஆரம்பித்தது. ஒரு சிறு சுற்றை ஓடவிட்டு, எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து வேகத்தை அளக்கும் பழக்கம் அதன் உள்ளே இருந்தது. புதுச் சில்லு அந்தச் சுற்றைக் கண் இமைப்பதற்குள் முடித்துவிட்டது. ஆன நேரம் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுத்தால்? விழ வேண்டியதுதான்! 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய கம்ப்யூட்டர்களில் நெட்வொர்க் பகுதி இதே மாதிரி விழுந்தது, அந்த முறை விண்டோஸ் 98உம் கூட.

கம்ப்யூட்டர் அணைய மறுக்கிறதா? 'ஷட் டவுன்' கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுத் திரும்பினாலும் அதே மேகத் திரை. விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பின் தீராத வியாதி இது. மைக்ரோசாஃப்ட் இதற்கென்றே 'ஷட்டவுன் சப்ளிமென்ட்' என்று தனி மருந்து வெளியிட்டது. ஆனால் இதற்கு நேர் எதிரான நோயும் அதே குடும்பத்தில் இருந்தது தெரியுமா? சில கம்ப்யூட்டர்கள் தேவைக்கு மேல் வேகமாக அணைந்தன! ஹார்ட் டிஸ்க், வந்த தகவலைத் தன் சொந்த மெமரியில் ஒரு கணம் வைத்திருந்துதான் தட்டில் எழுதும். எழுதி முடிப்பதற்குள் விண்டோஸ் மின்சாரத்தையே நிறுத்திவிடும். கோப்பு போச்சு. இதற்கு வந்த பேட்ச் செய்த வேலை, அணைப்பதற்கு முன்னால் 2 விநாடி சும்மா இருப்பது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு ஒரு பேட்ச்!

'இப்போது கம்ப்யூட்டரை அணைப்பது பாதுகாப்பானது' என்று ஆரஞ்சு எழுத்தில் ஒரு வாசகம் வருமே, அது ஒரு படம். வெறும் படம்! 320க்கு 400 புள்ளியில், 256 நிறத்தில் வரைந்த பிட்மேப் கோப்பை, சிஸ்டம் கோப்பு போலப் பெயர் மாற்றி வைத்திருந்தார்கள். பெயின்ட்டில் திறந்து, பாட்டி படத்தை ஒட்டிச் சேமித்தால் கம்ப்யூட்டர் பாட்டியைக் காட்டி விடைபெறும். அப்படிச் செய்தவர்களும் உண்டு. தொடங்கும்போது வரும் திரையின் அடியில் ஒரு பட்டை ஓடிக்கொண்டே இருக்கும் அல்லவா? அங்கே எதுவுமே ஓடவில்லை. படம் அசையாது. வண்ணப் பட்டியலில் உள்ள நிறங்களை மட்டும் வரிசையாக இடம் மாற்றிச் சுற்றவிட்டார்கள், நம் கண் அதை ஓட்டம் என்று எடுத்துக்கொண்டது.

கரண்ட் போய் வந்தால் அடுத்த முறை ஸ்கேன்டிஸ்க் தானாக ஓடும். ஓடட்டும், நல்லதுதான். ஆனால் அது சொல்லும் வாசகம் இருக்கிறதே! நீங்கள் சரியாக அணைக்கவில்லை, இனிமேல் இந்தச் செய்தி வரக் கூடாது என்றால் ஸ்டார்ட் மெனு வழியாக மட்டும் அணையுங்கள் என்று பாடம் நடத்தும். மின்வாரியத்துக்குப் போக வேண்டிய திட்டை வீட்டுக்காரர் வாங்கிக்கொள்வார். டிஸ்கை டிஃப்ராக் செய்யும்போது 10 சதவீதம் வந்ததும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா? பின்னணியில் யாரோ டிஸ்கில் எழுதுகிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் குற்றவாளி அந்த அழகான ஸ்க்ரீன்சேவர்தான். அல்லது எம்எஸ் ஆஃபீஸ் கூடவே வந்த ஃபைண்ட் ஃபாஸ்ட். சேஃப் மோடில் போய் ஓட்டினால் முடிந்துவிடும்.

இனி நீலத்திரை. 1998 ஏப்ரல் 20, சிகாகோ. காம்டெக்ஸ் கண்காட்சி மேடை. வரப்போகும் விண்டோஸ் 98 எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்று காட்ட, கிறிஸ் கப்பொசெலா ஒரு ஸ்கேனரைச் செருகுகிறார். பக்கத்தில் பில் கேட்ஸ். பின்னால் ராட்சதத் திரை. பளிச்சென்று நீலம்! அரங்கமே கைதட்டிச் சிரித்தது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை போலிருக்கிறது என்று சமாளித்தார் கேட்ஸ். மேடையில் வியர்த்து நின்ற அந்தக் கப்பொசெலா வேலை போய்த் தெருவுக்கு வந்தாரா? இல்லை, பின்னாளில் அந்த நிறுவனத்தின் தலைமை மார்க்கெட்டிங் அதிகாரியாகவே ஆனார்!

கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தும் வித்தையைத் தந்தது மைக்ரோசாஃப்ட் இல்லை என்பதாவது தெரியுமா? ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி. முதலில் அவர் தேர்ந்தெடுத்தது கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப். இடது கை மட்டும் பட்டாலே மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும் ஆபத்து இருந்ததால், இரண்டு கையும் தேவைப்படும்படி டெலீட்டுக்கு மாற்றினார். ஐபிஎம் பிசியின் 20ஆவது ஆண்டு விழா மேடையில் கேட்ஸ் பக்கத்தில் இருக்கும்போதே, கண்டுபிடித்தது நான், புகழ்பெறச் செய்தது பில் என்று ஒரு போடு போட்டார். கூட்டம் சிரித்தது. கேட்ஸ் முகத்தில் சிரிப்பு தேடினாலும் கிடைக்கவில்லை.

சி, ஓ, என் என்று மூன்றெழுத்தில் ஃபோல்டர் உருவாக்க முடியாது, பில் கேட்ஸுக்கே காரணம் தெரியாத மர்மம் என்று ஒரு மெயில் நம் ஊர் இன்பாக்ஸ்களை எல்லாம் சுற்றிவந்ததே, நினைவிருக்கிறதா? மர்மம் ஒன்றும் இல்லை, சாமி. அது கன்சோல் என்பதன் சுருக்கம். கீபோர்டும் திரையும் சேர்ந்த சாதனத்துக்கு டாஸ் வைத்த பெயர். டாஸுக்கு முந்திய சிபி/எம் காலத்து வழக்கம் அது. பிரின்டருக்கு ஒரு பெயர், போர்ட்டுகளுக்குச் சில பெயர்கள் என்று ஒதுக்கிய பட்டியலில் இதுவும் ஒன்று. மெயிலில் சொல்லாமல் விட்டதுதான் உண்மையான ஆச்சரியம்! விண்டோஸ் 95இலும் 98இலும் இந்தப் பெயரை இரண்டு முறை அடுத்தடுத்துப் பாதையாகக் கொடுத்துத் திறக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் அங்கேயே காலி. ஒரு வலைப்பக்கத்தில் அந்தப் பாதையைச் செருகிவைத்தால், பார்க்க வந்தவர் மெஷினும் காலி. 2000 மார்ச்சில் பேட்ச் வந்தது.

மெஷின் ஆன் ஆனதுமே நின்றுவிட்டால்? 'கீபோர்டு இல்லை, தொடர எஃப்1 அழுத்தவும்' என்று வரும். உலகத்தையே சிரிக்கவைத்த வாசகம். ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது: கழன்ற கீபோர்டைச் செருகிவிட்டு, செருகியதை நிரூபிக்க ஒரு விசையைத் தட்டு என்கிறது. 'ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்' என்பது இன்னும் பெரிய தொல்லை. 'எனி' என்ற விசை கீபோர்டில் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு காம்பேக் நிறுவனம் தன் உதவிப் பக்கத்தில் பதில் எழுதிவைக்கும் நிலைமை வந்தது! 'சிஸ்டம் டிஸ்க் இல்லை' என்று வந்தால் பதறாதீர்கள், நேற்று போட்ட ஃபிளாப்பி இன்னும் உள்ளேயே இருக்கிறது. ஃபிளாப்பி டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், உள்ளே கேபிளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறார்கள்.

ஒன்றுமே வராமல் பீப் பீப் என்று கத்துகிறதா? நம் ஊர் சர்வீஸ் கடைக்காரர் ராமைக் கழற்றுவார், பள்ளிக்கூட ரப்பரால் அதன் பொன்னிறப் பற்களைத் தேய்ப்பார், மாட்டுவார். ஓடிவிடும். பார்த்தவர்கள் சிரிப்பார்கள். விஷயம் உண்மை: ஈரமும் தூசியும் விரல் எண்ணெயும் சேர்ந்து படிந்த மெல்லிய படலம் மின்தொடர்பைக் கெடுக்கும், ரப்பர் அதை எடுத்துவிடும்.

தேதி 1980 ஜனவரி 1 என்று காட்டுகிறதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஏன் 1980? டாஸின் நாட்காட்டியில் அதற்கு முந்தைய நாளே கிடையாது! விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் திடீரென்று வங்கி இணையதளம் மட்டும் திறக்கவில்லை என்றாலும் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தைத்தான். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்கும்.

ரெஜிஸ்ட்ரி கெட்டு எதுவுமே ஓடவில்லையா? விண்டோஸ் 98 உங்களிடம் சொல்லாமலே, நன்றாக இருந்த நாட்களின் நகல் ஐந்தை ஒளித்து வைத்திருக்கும். டாஸ் திரையில் ஸ்கேன்ரெக் கட்டளையை ரெஸ்டோர் என்ற சொல்லோடு கொடுத்தால் தேதி போட்டுப் பட்டியல் காட்டும். இது தெரியாமல் எத்தனை டிஸ்கை ஃபார்மட் அடித்தார்கள்!

இனி வருவது கொடுமை. 2001இல் ஒரு மெயில் வந்தது: உங்கள் கம்ப்யூட்டரில் இந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா பாருங்கள், அது வைரஸ், உடனே அழியுங்கள், நண்பர்களுக்கும் சொல்லுங்கள். தேடினால் நிச்சயம் இருந்தது. ஏன் இருக்காது? அது விண்டோஸ் 98 கூடவே வந்த கோப்பு, நீளமான கோப்புப் பெயர்களைக் காப்பாற்ற வைத்தது! அடுத்த வருஷம் இன்னொன்று: கரடி பொம்மை ஐகான் உள்ள கோப்பு வைரஸ் என்றார்கள். அதுவும் விண்டோஸின் சொந்தச் சரக்கு. பயனரையே வைரஸாக வேலை செய்யவைத்த மகா எளிய வைரஸ்!

நிஜ வைரஸும் இருந்தது. சிஐஎச். தைவான் கல்லூரி மாணவர் ஒருவர் எழுதியது, அளவு சுமார் 1 கேபி. நிரல் கோப்புகளுக்குள் இருக்கும் வெற்றிடங்களில் துண்டு துண்டாகப் போய் உட்காரும், அதனால் கோப்பின் அளவு கூடாது. 1999 ஏப்ரல் 26 அன்று வெடித்தது. டிஸ்கின் தொடக்கத்தை அழித்ததோடு நில்லாமல், மதர்போர்டின் பயாஸ் சில்லையும் அழிக்கப் பார்த்தது. மென்பொருளால் வன்பொருள் சாகாது என்று அதுவரை அடித்துச் சொன்னவர்கள் வாயடைத்துப்போனார்கள்.

எல்லாவற்றுக்கும் சிகரம் இது. எக்ஸ்பி காலத்தில் ஒரு நிறுவனத்தின் லேப்டாப்கள் ஜேனட் ஜாக்சனின் 'ரிதம் நேஷன்' பாட்டைப் போட்டால் நின்றுபோயின. ஒரு லேப்டாப்பில் போட்டால், அந்தப் பாட்டையே போடாத பக்கத்து லேப்டாப்பும் நின்றது! மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் 2022இல் இதை எழுதினார். 5400 சுற்று வேக ஹார்ட் டிஸ்க் ஒன்றின் இயல்பான அதிர்வெண்ணும் அந்தப் பாட்டில் வரும் ஒரு ஒலியும் ஒன்றாக இருந்தன. டிஸ்க் சேர்ந்து அதிர்ந்தது. அந்த ஒலியை மட்டும் வடிகட்டி எடுக்கும் ஒரு துண்டு நிரலை நிறுவனம் சேர்த்துச் சமாளித்தது. பிறகு இதற்குப் பாதுகாப்புக் குறைபாட்டுப் பட்டியலில் எண்ணே கொடுத்தார்கள்.

தமிழ் ஏன் கட்டம் கட்டமாகத் தெரிகிறது? எக்ஸ்பிக்காரர்கள் ஓயாமல் கேட்ட கேள்வி. 2001 அக்டோபர் 25 அன்று வந்த எக்ஸ்பிக்குத் தமிழ் தெரியும், லதா எழுத்துருவும் இருந்தது. ஆனால் கன்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்துமுறைகள் என்ற கட்டத்தில் டிக் அடித்து, எக்ஸ்பி சிடியைப் போட்டால்தான் வாய் திறக்கும். சிடி யாரிடம் இருந்தது! விண்டோஸ் 98இல் அதுவும் இல்லை. ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன் இஷ்டத்துக்கு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்காரவைத்தது. ஒரு எழுத்துருவில் அடித்த கடிதம் இன்னொன்றில் வெறும் குப்பை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் அங்கிருந்து வந்தவை.

ஆகவே, பரணில் அப்படி ஒரு பெட்டி கிடந்தால் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். விண்டோஸ் 98க்கு 2006 ஜூலை 11 அன்றும், எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்றும் ஆதரவு முடிந்துவிட்டது, இணையத்தில் மட்டும் இணைக்காதீர்கள். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பியில் மாட்டும் அடாப்டர் ஒன்று வாங்கிப் புது லேப்டாப்பில் செருகிப் படங்களையும் கடிதங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் முழுசாக நகலெடுக்க மறக்காதீர்கள். அப்பா அந்த நாளில் அடித்த தமிழ்க் கடிதத்தைப் படிக்க அந்த எழுத்துருக் கோப்பு வேண்டும்.